ராணியின் கன்னத்தில் ஒரே கீறல்

போன புரட்டாதியில் ஒரு பின்னேரம், ஏ.எல் படிக்கிற பெடியன் ஒருவன் என் பழங்காசுக் கடைக்கு வந்தான். விக்ரோறியா ராணியின் வெள்ளி ரூபாய் ஒன்று வாங்குவதற்காக மாதக்கணக்கில் காசு சேர்த்திருந்தான். 1862 ஆம் ஆண்டுக் காசு இரண்டை எடுத்து, மேசையில் கிடந்த கறுப்புத் துணியில் வைத்து, "பிடிச்சதை எடும் தம்பி" என்றேன். அவன் அவசரப்படவில்லை. போனில் லைட்டைப் போட்டு ஒவ்வொன்றாகச் சரித்துச் சரித்துப் பார்த்தான். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னான்: "அங்கிள், ரெண்டு ராணிக்கும் கன்னத்தில ஒரே கீறல் இருக்கு."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கண்ணுக்குக் கீழே தொடங்கி வாயின் ஓரம் வரைக்கும் மெல்லிய கோடு. ஒரே நீளம், ஒரே சரிவு. கோட்டின் அடியில் ஊசிமுனை அளவு குழி ஒன்று. அதுவும் இரண்டிலும் இருந்தது.

கை மாறி மாறிப் புழங்கிய காசில் கீறல் விழுவது வழமை. ஆனால் ஒவ்வொரு காசும் தன் தன் கீறலைத்தான் சுமக்கும். 150 வருடம் வெவ்வேறு மடிகளில் கிடந்த இரண்டு காசுக்கு ஒரே இடத்தில் ஒரே கீறல் விழாது. அப்படி இருந்தால் கீறல் விழுந்த நல்ல காசு ஒன்றைத் தாயாக வைத்து, அச்செடுத்து, அதிலிருந்து பிள்ளைகள் பிறந்திருக்கின்றன என்று அர்த்தம். பெடியனிடம் "இது ரெண்டும் விக்கேலாது தம்பி, நல்லது ஒண்டு எடுத்து வைக்கிறன், நாளைக்கு வாரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டினேன். அன்றிரவு நித்திரை இல்லை. அந்தக் காசுகள் வந்த அதே ரின்னில் இருந்து ஒன்பதை நான் ஏற்கெனவே விற்றுவிட்டேன்.

அந்த ரின் வந்தது பங்குனியில். மானிப்பாயில் இருந்து ஒரு அக்கா கொண்டுவந்தார். பழைய பிஸ்கற் ரின், உள்ளே 43 வெள்ளி ரூபாய். மாமியாருடைய சேமிப்பு. போர்க்காலத்தில், 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பிச் சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது, கிணற்றடியில் புதைத்துவிட்டுப் போன ரின். திரும்பி வந்து தோண்டியபோது அப்படியே இருந்ததாம். இந்தக் கதையைக் கேட்ட பிறகு எனக்குச் சந்தேகப்பட மனம் வரவில்லை. அங்கேதான் பிழை விட்டேன். மேலே கிடந்த ஐந்தை நிறுத்தேன். எல்லாம் சரி. பிறகு 43 ஐயும் மொத்தமாகத் தராசில் போட்டேன். ஒரு ரூபாயின் நிறை 11.66 கிராம். மொத்தம் 500 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. தேய்மானம் என்று நினைத்துக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

1862 ரூபாய் அரிய காசு இல்லை. அந்த ஆண்டைப் பொறித்தே அதற்குப் பிறகும் பல வருடம் அச்சிட்டார்கள். 1872 இல் இலங்கைக்கு ரூபாய், சதம் என்ற கணக்கு வந்தபோது இங்கே ரூபாயாகப் புழங்கியதும் இந்திய வெள்ளிக்காசுதான். யாழ்ப்பாணத்துப் பெட்டகங்களில் அது இன்றைக்கும் கிடைப்பது அதனால்தான். "இவ்வளவு சாதாரண காசை யார் மினக்கெட்டுக் கள்ளமாய் அடிப்பான்?" என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். வெள்ளி விலை ஏறியிருக்கிற காலத்தில் அந்தப் பேச்சுக்கு இனி இடமில்லை. அரிய காசைத்தான் எல்லோரும் உற்றுப் பார்க்கிறார்கள். ஆறாம் ஜோர்ஜின் 1939 ரூபாய் வந்தால் நானும் பத்துத் தரம் புரட்டுவேன், ஏனென்றால் 1938 இன் எட்டை ஒன்பதாக்கி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். சாதாரண காசு அந்தக் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

மறுநாள் விடியத் தொடங்கி, பெட்டியில் மிஞ்சிக் கிடந்த 34 ஐயும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். காந்தம் ஒன்றையும் இழுக்கவில்லை. காந்தம் பிடிக்காததால் வெள்ளி என்று நம்பாதீர்கள். செம்பையும் பித்தளையையும்கூடக் காந்தம் இழுக்காது. தனித்தனி நிறையும் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. செய்தவன் கெட்டிக்காரன், நிறையைச் சரிக்கட்டத் தகட்டைக் கொஞ்சம் தடிப்பாக எடுத்திருக்கிறான். பிடிபட்டதும் அந்தத் தடிப்பில்தான். சந்தேகமான ஏழையும் அடுக்கி, பக்கத்தில் நல்ல ஏழை அடுக்கினேன். கள்ள அடுக்கு ஒரு காசு அளவுக்கு உயரமாக நின்றது.

கடைசியில் தண்ணீர். இதை வீட்டில் யாரும் செய்யலாம். சின்னக் கோப்பையில் தண்ணீர் எடுத்து டிஜிட்டல் தராசில் வைத்துச் சைபர் ஆக்குங்கள். காசை நூலில் கட்டி, கோப்பையின் அடியிலோ கரையிலோ முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் நிறையை வகுத்துப் பாருங்கள். இந்த ரூபாய் 91.7 வீதம் வெள்ளி, அதனால் பத்துக்குச் சற்று மேலே வரவேண்டும். நல்ல காசு 1.1 கிராம் அளவில் காட்டியது. அந்த ஏழும் 1.3 காட்டின. ஒன்றை ஹக்சோ பிளேட்டால் அறுத்தேன். வெளியே வெள்ளிப் பூச்சு, உள்ளே லேசாக மஞ்சள் கலந்த சாம்பல் நிறம்.

சரி, இனி என்ன செய்வது? நான் இந்தப் பதிவை எழுதுவதே இதற்காகத்தான்.

இந்தத் தொழிலில் எனக்கு முந்திய ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவில்லை. "வாங்கின மாதிரியே வித்துவிடு தம்பி. நீ செய்தனியே? உனக்கும் தெரியாமல்தானே வந்தது" என்றார். இன்னொருவர் "நல்ல காசுகளோட கலந்து மொத்தமாய்க் குடுத்துவிடு, யாரும் ஒவ்வொண்டாய்ப் பாக்க மாட்டினம்" என்றார். மூன்றாவது ஆள் கொஞ்சம் நியாயமாகப் பேசுவதுபோலச் சொன்னது: "கொப்பி எண்டு சொல்லியே வித்துவிடன், அதில என்ன பிழை?"

மூன்றையும் நான் ஏற்கவில்லை. தெரியாமல் வந்தது என்பது நான் வாங்கிய நாளுக்கு மட்டும்தான் செல்லும். கீறலைப் பார்த்த நிமிடத்துக்குப் பிறகு நான் தெரிந்தவன். கொப்பி என்று சொல்லி விற்பதும் அப்படித்தான். நான் சொல்லுவேன், வாங்குகிறவரும் கேட்பார். ஆனால் அந்தச் சொல் காசில் ஒட்டிக்கொண்டு போகாது. அடுத்த கைக்கு மாறும்போது காசு மட்டும் போகும், சொல் நின்றுவிடும். அமெரிக்காவில் 1973 இல் சட்டமே போட்டார்கள், பழைய நாணயத்தைப் போலச் செய்கிற எதிலும் பிரதி என்ற சொல்லைப் பொறித்தே ஆகவேண்டும் என்று. வாய்ச்சொல் போதாது என்று தெரிந்துதான் அதை உலோகத்திலேயே வெட்டச் சொன்னார்கள்.

வித்தவரிடமே திருப்பிக் கொடுப்பது? அதையும் யோசித்தேன். திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசு இன்னொரு கடைக்குப் போகும், அங்கே இருப்பவர் ஐந்தை மட்டும் நிறுத்துப் பார்ப்பார். மற்றது, தராசு என்னிடம் இருந்தது, பூதக்கண்ணாடி என்னிடம் இருந்தது, 20 வருடத் தொழில் என்னிடம் இருந்தது. அந்த அக்காவிடம் இருந்தது ஒரு பிஸ்கற் ரின். நட்டம் என்னுடையது. அது கடையின் இரண்டு மாத வாடகைக்குக் கிட்ட வந்தது, வலித்தது, ஆனால் கணக்கு அதுதான்.

மானிப்பாய்க்குப் போனேன், காசு கேட்க இல்லை. வீட்டில் இன்னும் இருந்தால் அவர் ஏமாறக்கூடாது என்று. கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "நான் அப்பிடிச் செய்வனே தம்பி?" என்றார். இல்லை அக்கா, அதற்காக வரவில்லை என்று விளங்கப்படுத்த அரைமணித்தியாலம் ஆனது. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவருடைய தம்பி 90களில் திருச்சிப் பக்கம் அகதியாக இருந்தவர். 2003 இல் திரும்பி வந்தபோது, "மாமியின்ர ரின்னில போடு" என்று ஒரு டசின் வெள்ளிக்காசு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அங்கே யாரோ கோயில் வாசலில் விற்றவை. அவர் இப்போது உயிரோடு இல்லை. அகதிப் பணத்தில் மிச்சம் பிடித்து, அக்காவுக்கென்று வாங்கிய காசு. கிணற்றடியில் கிடந்த நல்ல காசோடு அது இருபது வருடம் கலந்து கிடந்திருக்கிறது.

அக்கா காசைத் திருப்பித் தரவே நின்றார். நான் வாங்கவில்லை. மகளுக்கென்று எடுத்து வைத்திருந்த இரண்டைக் கொண்டுவந்து காட்டினார். ஒன்று நல்லது. மற்றதில் ராணியின் கன்னத்தில் அதே கீறல். "இதை வெட்டிப்போடாதையுங்கோ, அவன் தந்தது" என்றார். என் கையில் இருந்தவற்றை ஒன்று விடாமல் அறுத்தவன் நான், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் இதை அறுக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை? ஒரு துளை மட்டும் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன், பிறகு யாரும் இதை நல்ல காசென்று வாங்கமாட்டார்கள், உங்கள் மகளும் ஏமாறமாட்டா என்று. கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தலையாட்டினார். தெரிந்த தட்டாரிடம் கொண்டுபோய், விளிம்போரமாகத் துளை போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன்.

இனி விற்றுவிட்ட ஒன்பது. ஐந்து ரொறன்ரோவில் இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்த ஒரு ஐயாவிடம் போயிருந்தன, பேரப்பிள்ளைகள் ஐந்து பேருக்கும் ஆளுக்கொன்று. போன் எடுத்துச் சொன்னேன். வட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொன்னேன். ஐந்தில் மூன்றுக்குக் கீறல் இருந்தது. காசைத் திருப்பி அனுப்புகிறேன் என்றதும், "விடும் தம்பி, பிள்ளையளுக்கு உது தெரியவே போகுது? ஊர்க்காசு எண்டு சந்தோசமாய் வச்சிருக்குதுகள்" என்றார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் முப்பது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளில் ஒன்று அதை அங்கே ஒரு கடைக்குக் கொண்டுபோகும். அம்மப்பா யாழ்ப்பாணத்தில் வாங்கியது என்று சொல்லும். கடைக்காரன் என்ன பதில் சொல்லுவான் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை அந்த இடத்தில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நல்ல காசு மூன்றை, தனித்தனியாக நிறையும் தண்ணீர்க் கணக்கும் எழுதி, ஊருக்கு வந்து திரும்பிய அவருடைய மருமகனிடம் கொடுத்துவிட்டேன். கள்ளக்காசு மூன்றையும் ஐயா வாளால் அறுத்துப் படம் அனுப்பினார். அதற்கு அவருக்கு நன்றி.

"வெள்ளிக்காசுக்கே இவ்வளவு பாடா?" என்று கேட்பவர்களுக்கு, எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. சேதுக்காசு. ஒரு பக்கம் நிற்கும் அரசன், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, கீழே தமிழில் "சேது" என்ற எழுத்து. ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட செப்புக்காசு. யாழ்ப்பாணத்தில் ஒரு தமிழ் அரசு இருந்ததற்குக் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய சாட்சி. அதனால்தான் வெளிநாட்டில் இருந்து வருகிற எல்லோருக்கும் அது ஒன்று வேண்டும். நான் அதை வாங்கி விற்பதில்லை. தொல்பொருள் சட்டத்துக்குள் வருகிற பொருள், நாட்டைவிட்டுக் கொண்டுபோக அனுமதி வேண்டும். ஆனால் பார்த்துச் சொல்லச் சொல்லிக் கொண்டுவருகிறார்கள். நான் கண்ட நல்ல சேதுக்காசுகளில் விளிம்பு ஒழுங்கில்லை, எழுத்தில் பாதி காசுக்கு வெளியே போயிருக்கும். கள்ளத்தில் "சேது" பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதியதுபோல முழுதாக நிற்கும், பச்சைக் களிம்பைப் பஞ்சால் துடைத்தால் பஞ்சில் ஒட்டும். கள்ள ரூபாய் ஒருவரின் பணத்தைத் தின்கிறது. கள்ளச் சேதுக்காசு நாலு பேர் கையில் பரவினால், நாளைக்கு உண்மையான ஒன்றைக் காட்டினாலும் "உதும் கடையில அடிச்சதுதானே" என்பார்கள். எங்களுக்கு எழுதி வைத்த சாட்சி கொஞ்சம்தான் இருக்கிறது. அதையும் நாங்களே சந்தேகத்துக்குரியதாக ஆக்கலாமா?

இப்போது கணக்குக்கு வருகிறேன். அக்காவின் தம்பி கொண்டுவந்தது ஒரு டசின். என் பெட்டியில் ஏழு, அறுத்துவிட்டேன். ரொறன்ரோவில் மூன்று. மானிப்பாயில் துளை போட்டது ஒன்று. பதினொன்று. பன்னிரண்டாவது, பெயரும் நம்பரும் வாங்கி வைக்காமல் நான் விற்ற நான்கில் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். அன்றைக்குப் பெயர் எழுதாதது என் பிழை. இப்போது பெயர் எழுத ஒரு கொப்பி வைத்திருக்கிறேன்.

போன வருடம் பங்குனிக்கும் புரட்டாதிக்கும் இடையில் என் கடையில் 1862 ரூபாய் வாங்கியவர்கள் இதைப் பார்த்தால், காசை எடுத்து ராணியின் முகத்தை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். கண்ணுக்குக் கீழிருந்து வாயோரம் வரை கோடும், அதன் அடியில் சின்னக் குழியும் இருந்தால் இன்பொக்சில் ஒரு படம் அனுப்புங்கோ. பற்றுச்சீட்டு தேவையில்லை. காசு வேண்டுமென்றால் காசு, நல்ல ரூபாய் வேண்டுமென்றால் ரூபாய். வெளிநாட்டுக்குப் போயிருந்தாலும் பரவாயில்லை. ஊரில் உள்ளவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களிடமும் கேட்டுப் பாருங்கோ. இன்னும் ஒன்று வெளியே நிற்கிறது.