ஹாஸ்பிஸ் என்றால் எல்லாம் நிறுத்தம் என்பது சரியல்ல

முன்னாள் அமெரிக்கப் படைவீரரான மாமனாரை ஹாஸ்பிஸில் (குணப்படுத்துவதை விட்டு வலியைக் குறைத்து ஆறுதல் தரும் இறுதிக்காலப் பராமரிப்பில்) சேர்க்கலாமா என்ற கேள்விக்கு, மேலே ஒருவர் "மாமனாரை ஹாஸ்பிஸில் சேர்க்கக் கையெழுத்துப் போடாதீர்கள், கீமோ அன்றோடு நின்றுவிடும், செலவும் உங்கள் தலையில்" என்று எழுதியிருக்கிறார். மெடிகேர் (அமெரிக்காவில் முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விதியை அப்படியே முன்னாள் படைவீரர் மேல் ஏற்றியதால் வந்த குழப்பம் இது.

மெடிகேரில் ஹாஸ்பிஸ் எடுத்தால் அந்த நோயைக் குணப்படுத்தும் சிகிச்சையைக் கைவிட வேண்டும், அது உண்மை. ஆனால் முன்னாள் படைவீரர்களைக் கவனிக்கும் அமெரிக்க அரசுத் துறையான விஏ அப்படிக் கேட்பதில்லை. ஆயுள் ஆறு மாதம் என்று மருத்துவர் கணித்த பிறகும், பலன் இருக்கும்வரை கீமோவோ கதிர்வீச்சோ ஹாஸ்பிஸோடு சேர்ந்தே தொடரலாம். விஏவில் பதிவு செய்த எல்லோருக்கும் அடிப்படை மருத்துவச் சலுகையிலேயே ஹாஸ்பிஸ் இருக்கிறது, அதற்கு கோ-பே (நோயாளி தன் பங்காகக் கட்டும் தொகை) கிடையாது. வலி குறைக்கும் பாலியேட்டிவ் பராமரிப்புக்கு ஆறு மாதக் கணக்கே தேவையில்லை, நோய் தெரிந்த அன்றே கேட்கலாம்.

சிக்கல் வருவது வேறு இடத்தில். வீட்டுக்கு வந்து ஹாஸ்பிஸ் பராமரிப்பு தருவது பெரும்பாலும் விஏவுக்கு வெளியே உள்ள ஏஜென்சிதான், விஏவின் அனுமதி முன்கூட்டியே போகாவிட்டால் அவர்கள் பேசாமல் மெடிகேருக்கு பில் போட்டுவிடுவார்கள், அப்புறம் கீமோவை நிறுத்தச் சொல்வார்கள். அந்த அனுமதியை வாங்கித் தருவது விஏவின் சமூகப் பணியாளர் வேலை (அவரைப் பிடிப்பதுதான் பெரும்பாடு, ஒப்புக்கொள்கிறேன்). மாமனார் இன்னும் விஏவில் பதிவே செய்யவில்லை என்றால் டிடி-214 தாளைத் (படையிலிருந்து விடுவித்தபோது தந்த சான்று) தேடி எடுத்துக்கொண்டு முதலில் அதை முடியுங்கள். ஏஜென்சி நீட்டும் படிவத்தில் பணம் தருபவர் யார் என்று போட்டிருப்பதைப் பார்க்காமல் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.