அந்த 1998 ஆய்வை யாரும் மறைக்கவில்லை

தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்எம்ஆர் தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று லான்செட் மருத்துவ இதழிலேயே ஆய்வு வந்தது, மருந்து கம்பெனிகள் அதை மறைத்துவிட்டன என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். ஆய்வு வந்தது உண்மை. மறைத்தார்கள் என்பதுதான் தவறு. இன்றைக்கும் அதை இணையத்தில் படிக்கலாம். பக்கங்களின் குறுக்கே சிவப்பு எழுத்தில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று போட்டிருப்பார்கள்.

ஏன் திரும்பப் பெற்றார்கள்? குழந்தைகளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், நெறிமுறைக் குழுவின் அனுமதி இருந்ததா என்பது பற்றிக் கட்டுரையில் சொன்னது பொய் என்று விசாரணையில் தெரிந்தது. வேறு குறைகளும் இருந்தன. ஆய்வில் இருந்தது வெறும் 12 குழந்தைகள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழந்தைகள் கிடையாது. அதைவிட மோசம், தடுப்பூசிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போடத் தயாரான வக்கீல் தரப்பிடம், ஆய்வை நடத்திய மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் பணம் வாங்கியிருந்தார். கட்டுரையில் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. கூட எழுதியவர்களில் 10 பேர் 2004இலேயே அந்த முடிவைக் கைவிட்டார்கள். 2010இல் லான்செட் கட்டுரையை முழுதாகத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிரிட்டனில் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் போனது.

சரி, 12 பேர் போதாது என்றால்? டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019இல் வந்தது. தடுப்பூசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை.

இந்தப் பயத்தால் இங்கிலாந்தில் தடுப்பூசி போடும் விகிதம் 80 சதவீதம் அளவுக்கு இறங்கியது. தட்டம்மை பரவாமல் இருக்க 95 சதவீதம் வேண்டும். அந்த இடைவெளியில் முதலில் மாட்டுவது, ஊசி போடும் வயதே வராத கைக்குழந்தைகள். பெற்றோர்கள் இதைப் படிக்கிறார்கள், தயவுசெய்து உங்கள் பதிவைத் திருத்துங்கள்.