வௌவால் எண்ணப் போகிற பிள்ளைக்கு யார் பணம் தருவது?

போன வாரம் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி வந்து, "சார், புராஜெக்டுக்கு வௌவால் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். அவள் ஊர்க் கோயில் மண்டபத்தில் துறிஞ்சில், அதாவது பூச்சி தின்னும் சின்ன வௌவால், கூட்டம் ஒன்று இருக்கிறதாம், விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறாளாம். எனக்குச் சட்டென்று சரி என்று சொல்ல வாய் வரவில்லை. மீன் எடும்மா, மண்புழு எடும்மா, கல்லூரிக்குள்ளேயே முடிந்துவிடும் என்று சொல்லிவிடலாமா என ஒரு நிமிடம் யோசித்துவிட்டேன். அந்த ஒரு நிமிடம்தான் இத்தனை நாளாக உறுத்துகிறது.

தயங்கியதற்குக் காரணம் பணம், வேறொன்றும் இல்லை. பூச்சி தின்னும் வௌவால் எழுப்பும் ஒலி நம் காதுக்கு எட்டாது, அந்த ஒலியைப் பிடித்துக் காட்டும் பேட் டிடெக்டர் என்ற கருவி வேண்டும். நல்ல கருவி லட்ச ரூபாயைத் தாண்டும், மலிவாக வருவதற்கும் சில ஆயிரங்கள் வேண்டும். வௌவாலைக் கையில் எடுப்பவர் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். எல்லாமே இரவு வேலை. அவை வெளியே கிளம்புவது பொழுது சாய்ந்த பிறகு, எண்ணி முடிப்பதற்குள் கடைசி பஸ் போயிருக்கும். ஒரு பெண் பிள்ளைக்குத் துணைக்கு ஆள், திரும்பி வர வண்டி, தலைவிளக்கு, பேட்டரி. இதெல்லாம் யார் கணக்கில்?

நான் பிஎச்.டி. செய்தபோது டிடெக்டரை இன்னொரு ஆய்வகத்தில் கெஞ்சி இரவல் வாங்கினேன். 11 நாள் கொடுத்தார்கள். அது கிடைத்தது நவம்பர் அடைமழையில், நான் பார்க்க வேண்டியிருந்ததோ குட்டி போடும் பருவத்தை. அந்த 11 நாளில் ஏழு நாள் மழை. என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம். இன்று வரை அதை வேறு யாரும் செய்யவில்லை, நான் அப்போது பார்த்த கோயில் மண்டபத்துக்கும் திருப்பணியில் கம்பிவலை அடித்துவிட்டார்கள். முன்னால் எத்தனை இருந்தன என்ற எண்ணிக்கையே இல்லாதபோது, எத்தனை போயின என்று யாரிடம் போய்ச் சொல்வது?

நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கியவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். முதலமைச்சர் பெயரிலான ஆய்வு உதவித்தொகை தேர்வு எழுதித் தேறும் சிலருக்குக் கிடைக்கிறது. நல்லது. ஆனால் இவை ஆய்வு மாணவரின் வயிற்றுப்பாட்டுக்கு, அதுவும் பிஎச்.டி. வந்த பிறகு. வௌவால் மேல் ஆசை வருவது எம்.எஸ்சி.யில், சிலருக்கு அதற்கும் முன்னால். மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தில் மாணவர் திட்டம் ஒன்று உண்டு, அதன் தொகை ஒரு கருவிக்குக்கூட காணாது. வெளிநாட்டில் கேட்கலாம் என்பார்கள். 1982ல் தொடங்கிய அமெரிக்காவின் பேட் கன்சர்வேஷன் இன்டர்நேஷனல், இங்கிலாந்தின் ரஃபோர்டு அறக்கட்டளை எல்லாம் இந்திய மாணவர்களுக்கு உதவியிருக்கின்றன, நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் அந்த ஆங்கில விண்ணப்பத்தைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிடுகிற தமிழ்வழிப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஊர்க் கோயில் எந்தப் பக்கம் இடிந்திருக்கிறது, எந்தப் பொந்திலிருந்து வௌவால் வருகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் அத்துப்படி.

நம் மண்ணில் இது நடக்காத காரியமும் இல்லை. 1970களின் பிற்பகுதியில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவர் மாணவர் மாரிமுத்துவும், பக்கத்துக் குகையில் வௌவாலைக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். வெளிச்சமே படாத இருட்டில் இருந்தும், குகையில் இருந்த மற்ற வௌவால்கள் போய்வருவதை வைத்தே அது இரவு பகல் கணக்கைத் தவறாமல் பிடித்தது. அந்தக் கூட்டம் இல்லாத இடத்தில் அதன் நாள் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போனது. உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஆய்வு, நடந்தது மதுரைப் பக்கத்துக் குகையில்.

அப்புறம் மேகமலைக் கதை. 1948ல் அங்கே பிடித்த ஒரு பழந்தின்னி வௌவாலை வேறு இனம் என்று தவறாகக் குறித்து பம்பாய் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். 24 வருடம் கழித்து, 1972ல், தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தோங்லோங்யா எடுத்துப் பார்த்தபோதுதான் அது புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினமே என்று தெரிந்தது. பறவை ஆய்வாளர் சாலிம் அலி பெயரை அதற்கு வைத்தார். அதே 1972ல் வந்த நம் வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் போட்டது. அந்தப் பட்டியல் ஒழிந்தது 2022 திருத்தத்தில்தான். ஐம்பது வருடம் தீங்குயிர் என்று எழுதி வைத்த ஒன்றைப் படிக்க யார் பணம் ஒதுக்குவார்கள்?

2018ல் கேரளாவில் நிபா வந்தபோதும், 2020ல் கொரோனா வந்தபோதும்தான் எல்லோருக்கும் வௌவால் ஞாபகம் வந்தது. பயத்தில் மரத்தை வெட்டச் சொன்னவர்களும் உண்டு. கூட்டைக் கலைத்தால் அவை போகிற இடத்துக்கெல்லாம் பிரச்சினையும் சேர்ந்து போகும் என்று அப்போது ஊருக்குள் நின்று சொல்ல ஆள் இல்லை. நோய் வந்தபின் ஓடிவரும் பணத்தில் அப்படிப்பட்ட ஆளை ஒரே வருடத்தில் உருவாக்க முடியாது. வௌவாலும் அப்படித்தான், பெரும்பாலானவை வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும், ஒரு கூட்டம் அழிந்தால் மீண்டு வர எத்தனையோ வருடம். கர்நாடகத்தில் கோலார் பக்கம் ஓர் இலைமூக்கு வௌவால் இனம் இருநூறுக்கும் குறைவாக, ஒரே குகையில் மிஞ்சியிருக்கிறது. கல் வெட்டுவதை நிறுத்தி அந்தக் குகையைக் காப்பாற்ற முடிந்தது, அங்கே போய் எண்ணியவர்கள் இருந்ததால்தான்.

நான் கேட்பது பெரிய தொகை அல்ல. எம்.எஸ்சி. புராஜெக்ட் ஒன்றுக்கு ஐம்பதாயிரம் ரூபாய், வௌவால் மாதிரி கேட்பாரற்ற உயிர்களுக்கென்று, ஜூலைக்குள் கையில் வர வேண்டும். செலவு செய்து பில் கொடுத்தால் திருப்பித் தருகிறோம் என்பது கையில் காசு இருக்கிறவனுக்கான திட்டம். டிடெக்டரை ஆளுக்கு ஆள் வாங்க வேண்டாம், மண்டலத்துக்கு ஓர் அரசுக் கல்லூரியில் நாலு வைத்து, பதிவேட்டில் எழுதி வாங்கிப் போகலாம். விண்ணப்பம் தமிழில் இருக்கட்டும். திருப்பணி தொடங்கும் முன் அறநிலையத் துறை பக்கத்துக் கல்லூரிக்கு ஒரு கடிதம் போட்டால், வலை அடிக்கும் முன் எண்ணவாவது செய்யலாம், குட்டி இருக்கும் மாதங்களில் வேலையைத் தள்ளிவைக்கச் சொல்லவும் முடியும்.

அந்தப் பிள்ளையிடம் நேற்று சரி என்று சொல்லிவிட்டேன். என் பழைய தலைவிளக்கைக் கொடுத்திருக்கிறேன், திங்கட்கிழமை பொழுது சாயும்போது நானும் அவள் அப்பாவும் கூடப் போகிறோம். டிடெக்டர் இல்லை, முதல் மாதம் வெறும் கண்ணால்தான் எண்ண வேண்டும். யாரிடமாவது சும்மா கிடந்தால், தை முடியும் வரை இரவல் கொடுங்கள்.