நீலநாக்கு நோய்: கொசுவும் அல்ல, தொடுதலும் அல்ல

"கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூர்க் குளிரில் கொசுவே கிடையாது, நீலநாக்கு ஆட்டுக்கு ஆடு ஒட்டித்தான் பரவும், பூச்சி பிடிக்கும் விளக்குப் பொறி வீண்செலவு" என்று ஆடுகளைத் தாக்கும் இந்த வைரஸ் நோயைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். கொசுவைத் தேடினால் கிடைக்காமல் போகட்டும், இந்நோயை முக்கியமாகப் பரப்புவது கொசு அல்லவே! கியூலிகாய்ட்ஸ் என்னும் கடிபூச்சி அது. 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். சாதாரணக் கொசுவலைக் கண்ணிலேயே நுழைந்துவிடும். பட்டியோரம் சாணம் ஊறிய சேற்றில் முட்டையிட்டு, அந்தியில் கிளம்பும். அதனால்தான் புறஊதா விளக்குப் பொறியைப் பொழுது சாயுமுன் மாட்டி, விடிந்ததும் புட்டியை எடுக்கிறார்கள். உள்ளே மிளகுத்தூள் சிந்தியதுபோல் கிடக்கும். உருப்பெருக்கியில் வைத்தால் இறக்கைப் புள்ளிகள் தெரியும். குளிர் இவற்றை மந்தமாக்கும் என்பது சரி. ஆனாலும் தமிழ்நாட்டில் இந்நோய் பெரும்பாலும் மழைக்காலத்தை ஒட்டியே தலைகாட்டுகிறது. நோயுற்ற ஆட்டைப் படலுக்கு அப்பால் கட்டினால் போதுமாம். பறக்கிற பூச்சிக்குப் படல் எம்மாத்திரம்?