கேள்வி கேட்பதும் வேலைதான்

அரசுக்கு இயந்திரம் வாங்கும் டெண்டர் பற்றிய அந்தக் கூட்டத்தின் காணொளியை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். எழுந்து நின்று ஒரு சந்தேகம் கேட்ட அந்தப் பெண்மணியை, "நீங்க பேப்பரைப் பாருங்க, நாங்க வேலையைப் பாக்கிறோம்" என்று மேடையில் இருந்தவர் உட்கார வைத்ததையும் பார்த்தேன், அரங்கம் கைதட்டியதையும் பார்த்தேன். கீழே சிரிப்புக் குறி போட்டவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். அதுதான் வலிக்கிறது.

அவர் கேட்டது என்ன என்று யாராவது கவனித்தீர்களா? டெண்டரில் இயந்திரத்தின் விலையை மட்டும் கேட்டிருக்கிறார்கள், பராமரிப்புச் செலவையும் உதிரி பாகங்களின் விலையையும் இப்போதே கேட்டு வாங்கிவிடலாமே என்றார். இதற்காகவா அந்தச் சிரிப்பு?

கேள்வி கேட்பதும் வேலைதான். அரசுக் கொள்முதலில் முக்கியமான வேலையே அதுதான். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் கேட்டால் அது ஒரு வரித் திருத்தம். கையெழுத்தான பிறகு கேட்டால் அது வழக்கு, தணிக்கை ஆட்சேபணை, மூலையில் தூசி படிந்து கிடக்கும் இயந்திரம். முதல் தாமதம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது, இரண்டாவது தாமதத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நானும் இந்தத் துறையில் இருப்பவன் என்பது இங்கே பலருக்குத் தெரியும். ஒரு மருத்துவமனைக்கு ரத்தப் பரிசோதனை இயந்திரம் வாங்கும் மதிப்பீட்டுக் குழுவில் இருந்தேன். குறைந்த விலைப்புள்ளி கொடுத்த நிறுவனத்தின் விலை மிக மிகக் குறைவு. எல்லோருக்கும் சந்தோஷம். குழுவில் இருந்த ஆய்வக நிபுணர் ஒருவர் மட்டும், "இதில் யாருடைய ரீஏஜென்ட் ஓடும்?" என்று கேட்டார். ரீஏஜென்ட் என்றால் பரிசோதனைக்குப் பயன்படும் ரசாயனம். அந்த நிறுவனத்தின் ரசாயனம் மட்டும்தான் ஓடும். அதன் விலை டெண்டரிலேயே இல்லை. அதாவது இயந்திரத்தைச் சும்மா கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டு, அதன் ஆயுள் முழுக்க ஒவ்வொரு பரிசோதனைக்கும் அவர்கள் கேட்ட விலையை வாங்கிக்கொள்ளலாம். ஒரு பரிசோதனைக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்ற அடிப்படையில் டெண்டரைத் திருத்தி மறுபடி விட்டோம். காலதாமதம் ஆனது உண்மை. "வேண்டியவனுக்குக் கொடுக்கத்தான் இழுக்கிறார்கள்" என்று அந்த ஆய்வக நிபுணர் மேல் மொட்டைக் கடிதம் போனது. அவர் அப்புறம் எந்தக் குழுவுக்கும் வர ஒப்புக்கொள்ளவில்லை. அந்த இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

"ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்" என்கிறீர்களே, ஃபிரான்சிஸ் கெல்சியும் அப்படி உட்கார்ந்திருந்தவர்தான். 1960இல் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பில் சேர்ந்த புதிதில் அவர் மேசைக்கு வந்தது, மற்ற நாடுகளில் கர்ப்பிணிகளும் சாப்பிட்ட தாலிடோமைடு என்ற தூக்க மருந்துக்கான அனுமதி விண்ணப்பம். அன்றைய சட்டப்படி 60 நாளுக்குள் எதுவும் சொல்லாவிட்டால் மருந்துக்குத் தானாக அனுமதி கிடைத்துவிடும். கொடுத்த ஆதாரம் போதாது, இன்னும் கொண்டு வாருங்கள் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நிறுவனம் அவருடைய மேலதிகாரிகளிடம் புகார் செய்தது. அவர் அசையவில்லை. மற்ற நாடுகளில் அந்த மருந்தால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஊனத்தோடு பிறந்தார்கள். அமெரிக்காவில் அன்றைக்கு அது விற்பனைக்கே வரவில்லை. 1962இல் அவருக்கு விருது கொடுத்தார்கள், மருந்துச் சட்டத்தையும் கடுமையாக்கினார்கள். அதற்கு முன்பு அவரும் வேலையைத் தடுக்கிற ஒருத்திதான்.

"அவசர காலத்தில் இதெல்லாம் பார்க்க முடியுமா?" என்று கேட்பீர்கள். கோவிட் நேரத்தில் பிரிட்டன் அப்படித்தான் செய்தது. பாதுகாப்பு உடைகள் வாங்க, அமைச்சர்களும் எம்.பி.க்களும் அதிகாரிகளும் பரிந்துரைத்த நிறுவனங்களுக்குத் தனி வழி திறந்தார்கள். அந்த வழியில் வந்தவர்களில் பத்துக்கு ஒருவருக்கு ஒப்பந்தம் கிடைத்தது, சாதாரண வழியில் வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூடக் கிடைக்கவில்லை என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2020இலேயே எழுதியது. அந்தத் தனி வழி சட்டவிரோதம் என்று 2022இல் உயர் நீதிமன்றம் சொன்னது. வேகமாக வாங்க வேண்டும், சரி. யாரிடம் வாங்குகிறோம் என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

"நிபந்தனைகளை அடுக்கிச் சின்ன நிறுவனங்களை உள்ளேயே விடமாட்டார்கள்." இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதைச் சரிசெய்வதும் இதே ஆட்கள்தான். டெண்டர் போடும் நிறுவனத்துக்கு ஒப்பந்த மதிப்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆண்டு விற்றுமுதல், அதாவது மொத்த விற்பனை, இருக்க வேண்டும் என்று பொதுவாகக் கேட்கக்கூடாது என்ற வரம்பு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுக் கொள்முதல் விதிகளில் இருக்கிறது. சின்ன நிறுவனங்களுக்காகத்தான் அந்த வரி. நீங்கள் கேலி செய்யும் பேப்பரில்தான் அது இருக்கிறது.

"நிபுணர்களையும் விலைக்கு வாங்கலாம்." வாங்கலாம்தான். ஒரே நிறுவனத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஸ்பெசிஃபிகேஷன் (பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற விவரம்) எழுதிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு யாரும் அரங்கத்தில் சிரிப்பதில்லை, மாலை போடுகிறார்கள். அந்த வேலை வேகமாக முடிந்துவிடுகிறது அல்லவா! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக் கேள்வி கேட்பவர்தான் உங்களுக்கு எதிரி.

என் சொந்தக்காரர் ஒருவரே, "தடுக்கிறதுக்குத்தான் உனக்குச் சம்பளமா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். இன்றைக்குச் சொல்கிறேன். லண்டனில் 2009இல் லக்கனால் ஹவுஸ் என்ற அடுக்குமாடியில் தீப்பிடித்து 6 பேர் இறந்தார்கள். கட்டடத் தீப்பாதுகாப்பு வழிகாட்டியைத் தெளிவாகத் திருத்துங்கள் என்று அந்த மரணங்களை விசாரித்த அதிகாரி 2013இல் அரசுக்கு எழுதினார். ஒரு புது விதி கொண்டு வந்தால் இரண்டை நீக்க வேண்டும் என்பது அப்போதைய அரசின் கொள்கை. அந்தத் திருத்தம் செய்யப்படாமலே கிடந்தது. 2017 ஜூனில் அதே லண்டனில் கிரென்ஃபெல் என்ற அடுக்குமாடி எரிந்தது. 72 பேர் இறந்தார்கள். விதிகளைக் குறைக்கும் முனைப்பில் உயிர்ப் பாதுகாப்பு விஷயங்கள்கூடத் தள்ளிப்போடப்பட்டன, புறக்கணிக்கப்பட்டன என்று 2024இல் வந்த விசாரணை அறிக்கை எழுதியிருக்கிறது. தடுப்பதற்குத்தான் சம்பளம் என்றால், ஆமாம், அதற்குத்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வரைவு விதிகளைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடும்போது யார் பதில் எழுதுகிறார்கள் தெரியுமா? நான் பார்த்தவரை விற்கிற நிறுவனங்கள்தான். பக்கம் பக்கமாக, வக்கீல் வைத்து எழுதுகிறார்கள். அந்தப் பொருளைப் பயன்படுத்தப் போகிறவர்களிடமிருந்து ஒரு வரிகூட வருவதில்லை. அவர்கள் சார்பில் அந்த அறையில் பேசுவது பெரும்பாலும் அந்தப் பெண்மணி மாதிரி ஒருவர்தான். அவரையும் உட்கார வைத்துவிட்டீர்கள்.

அந்த டெண்டர் ஆவணம் பொதுவில்தான் இருக்கிறது. பராமரிப்பு பற்றிய பகுதியை மட்டுமாவது படியுங்கள். அவர் கேட்டது தவறு என்று அதற்குப் பிறகும் தோன்றினால் கமென்டில் எழுதுங்கள், பதில் சொல்கிறேன். படிக்காமல் சிரிப்புக் குறி போடுகிறவர்களை இன்றிலிருந்து என் நண்பர்கள் பட்டியலை விட்டு எடுத்துவிடுகிறேன்.