பள்ளியைக் கேட்காமல் கட்டப்படும் பள்ளிக் கட்டடங்கள்

எங்கள் ஒன்றியத்தில் சில ஆண்டுகளாகப் புதிய வகுப்பறைக் கட்டடங்கள் தொடர்ந்து கட்டப்பட்டு வருகின்றன. டெல்டாவின் ஒரு சிற்றூரில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் மகளைப் படிக்க வைத்திருப்பவன் என்ற முறையிலும், அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினன் என்ற முறையிலும் அதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு. அரசுப் பள்ளிகளுக்குப் பணமே ஒதுக்குவதில்லை என்ற பழைய குறையை இன்று அப்படியே திருப்பிச் சொல்லிவிட முடியாது. 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்று இலக்கு வைக்கப்பட்டது. நபார்டு எனும் வேளாண், ஊரக வளர்ச்சி வங்கியின் கடனுதவியில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குக் கட்டடங்கள் வருகின்றன. இவ்வளவு செலவழித்தும் மழை பெய்தால் ஒழுகுகிற, வெயிலடித்தால் உட்கார முடியாத வகுப்பறைகள் ஏன் மறுபடியும் மறுபடியும் உருவாகின்றன என்பதே என் கேள்வி. நான் பார்த்த வரையில் காரணம் இதுதான்: கட்டடம் எங்கே வர வேண்டும், எப்படி இருக்க வேண்டும், வேலை எந்த மாதத்தில் நடக்க வேண்டும் என்பவை முடிவாகும் இடத்தில் அந்தப் பள்ளியைச் சேர்ந்த ஒருவர்கூட இருப்பதில்லை, கட்டி முடித்துச் சாவியைக் கொடுத்த பிறகு அதைத் தன்னுடையது என்று சொல்ல எந்தத் துறையும் முன்வருவதில்லை.

நம்முடைய பள்ளிக் கட்டடக் கொள்கை பெரும்பாலும் மரணங்களுக்குப் பிறகே எழுதப்பட்டிருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் காசிராமன் தெருவில், அரசு உதவிபெறும் தனியார் பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் கருகிப் போனார்கள். சமையல் கூடத்திலிருந்து கிளம்பிய தீ மாடியின் கீற்றுக்கூரையைப் பற்றியது. குறுகலான படிக்கட்டு வழியே குழந்தைகளால் தப்பி இறங்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் தமிழகம் முழுவதும் பள்ளிகளில் கீற்றுக்கூரைகள் பிரிக்கப்பட்டன. அந்தத் தீவிபத்தையொட்டித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நாட்டின் எல்லாப் பள்ளிகளிலும் தீத்தடுப்பு ஏற்பாடுகளைக் கட்டாயமாக்கியது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஓர் உதவிபெறும் பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகே பழுதடைந்த கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க மாநிலம் முழுவதற்கும் உத்தரவு போனது. 2025 ஜூலையில் ராஜஸ்தானின் ஜாலாவார் மாவட்டத்தில் பிப்லோடி என்ற ஊரின் அரசுப் பள்ளி இடிந்து ஏழு குழந்தைகள் இறந்ததும் அங்கேயும் இதே வேகத்தில் கணக்கெடுப்புகள் தொடங்கின. சாவுக்குப் பின்னால் வரும் இந்த வேகம் அடுத்த பருவமழைக்கு முன்பே தணிந்துவிடுகிறது என்பதைப் பள்ளியோடு தொடர்புடைய எவரும் அறிவார்கள்.

திருநெல்வேலிக்குப் பிந்தைய இடிப்பு தேவையானது. அதை எதிர்ப்பவன் அல்லன் நான். ஆனால் இடிப்பதற்கான கோப்பும் கட்டுவதற்கான கோப்பும் வெவ்வேறானவை என்பது பெற்றோரில் பலருக்கும் தெரியாது. பொறியாளர் வந்து பார்த்துப் பயன்பாட்டுக்குத் தகுதியற்றது என்று சான்று கொடுத்தால், மதிப்புப் போட்டு ஏலம் விட்டு, ஓடும் மரமும் கம்பியும் ஒரு வாரத்தில் லாரி ஏறிவிடும். புதிய கட்டடமோ வேறொரு திட்டத்தில், வேறொரு முன்னுரிமைப் பட்டியலில், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று படிப்படியாக நகர வேண்டும். இந்த இரண்டு கோப்புகளுக்கும் நடுவில் குழந்தைகள் எங்கே உட்காருவார்கள் என்று எந்தக் கோப்பிலும் ஒரு வரி இல்லை. எங்கள் பள்ளியில் ஓட்டுக் கட்டடம் இடிபட்ட பின் மூன்று வகுப்புகள் எஞ்சிய ஓர் அறைக்குள்ளும், நான்காம் ஐந்தாம் வகுப்புகள் சத்துணவுக் கூடத்தின் முன்பகுதியிலும் நடந்தன. பதினோரு மணிக்கு மேல் அங்கே சாம்பார் கொதிக்கும். புகையும் தாளிப்பு நெடியும் வகுப்புக்குள் வரும். சமையலர் அம்மா குழந்தைகளைத் தாண்டித் தாண்டிப் பாத்திரம் எடுக்க வேண்டும். பக்கத்து ஊர்களில் கிராம சேவை மையத்திலும் கோயில் மண்டபத்திலும் பாடம் நடந்தது.

இதன் விளைவு கட்டடத்தோடு நிற்கவில்லை. இப்படி ஒரு கல்வியாண்டு கழிந்தால், இயன்ற பெற்றோர் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார்கள். சேர்க்கை குறைகிறது. புதிய கட்டடத்துக்கான மதிப்பீடு தயாராகும் நாளில், அப்போதைய எண்ணிக்கையை வைத்து இரண்டு அறைகள் போதும் என்று எழுதப்படுகிறது. அரசின் தாமதத்தால் வெளியேறிய பிள்ளைகள், அரசின் கணக்கில் வரவே விரும்பாத பிள்ளைகளாக மாறிவிடுகிறார்கள். இதைவிட அநியாயமான ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆசிரியர் ஒருவருக்கு வகுப்பறை ஒன்று என்றே கணக்கிடுகிறது. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். எனவே ஐந்து வகுப்புகள் உள்ள பள்ளிக்கு இரண்டு அறைகள் கட்டிக் கொடுத்தால் சட்டப்படி குறை ஒன்றும் இல்லை. தலைமையாசிரியருக்கான அறையும் பொருள் வைக்கும் அறையும் சேர்ந்த ஓர் அறை வேண்டும் என்று அதே அட்டவணை சொல்கிறது. எங்கள் பகுதியில் அந்த அறையை நான் அதிகம் கண்டதில்லை. வகுப்பறையின் மூலையில் பீரோவும், பீரோவின் மேல் விளையாட்டுச் சாமான்களும், அதன் பக்கத்தில் தலைமையாசிரியரின் மேசையும் இருக்கும்.

யார் கட்டுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் கட்டடங்களைப் பெரும்பாலும் பொதுப்பணித் துறை கட்டுகிறது. ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளுக்கு ஊரக வளர்ச்சித் துறையின் ஒன்றியப் பொறியாளர்கள். நகராட்சி, மாநகராட்சிப் பள்ளிகளுக்கு அந்தந்த உள்ளாட்சியின் பொறியாளர்கள். அதற்குள் பாடம் நடத்துவது பள்ளிக்கல்வித் துறை. எங்கள் தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலரிடம் முறையிட்டால் அவர் வட்டார வளர்ச்சி அலுவலருக்குக் கடிதம் எழுதுவார். அங்கிருந்து பொறியாளருக்குப் போகும். அவரிடம் சாலைப் பணியும் குடிநீர்ப் பணியும் வீடு கட்டும் திட்டமும் குவிந்து கிடக்கும். அதே நேரத்தில் ஆண்டுதோறும் யூடைஸ் எனும் பள்ளிப் புள்ளிவிவரப் படிவத்தில் எத்தனை அறைகள் நல்ல நிலையில் உள்ளன, எத்தனைக்குச் சிறு பழுது, எத்தனைக்குப் பெரும் பழுது என்று நிரப்ப வேண்டியவர் தலைமையாசிரியர்தான். விட்டத்தில் ஓடுகிற விரிசல் பூச்சில் மட்டும் உள்ளதா, கம்பிவரை போயிருக்கிறதா என்பதை ஒரு தமிழாசிரியர் எப்படிக் கணிப்பார்? அவர் எழுதுவதுதான் மாநிலத்தின் புள்ளிவிவரமாகிறது.

இடத்தேர்வுக்கு வருகிறேன். ஆவணத்தில் மிகச் சிறியதாகத் தெரிகிற இந்த முடிவுதான் கட்டடத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. எங்கள் பள்ளி வளாகத்தின் வடகிழக்கு மூலை தாழ்வானது. ஐப்பசி, கார்த்திகையில் வயல் நிரம்பினால் முதலில் தண்ணீர் நிற்பது அங்கேதான். இது ஊரில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அளவெடுக்க வந்தது கோடையில்; அந்த மூலை காய்ந்து, சமதளமாக, மரமில்லாமல், லாரி வந்து ஜல்லி கொட்ட வசதியாக இருந்தது. மாதிரி வரைபடம் சென்னையிலிருந்து ஏற்கெனவே வந்துவிட்டது. அதில் பேஸ்மட்ட உயரம், அதாவது வெளித்தரையிலிருந்து வகுப்பறைத் தரை எழும் உயரம், எல்லா ஊருக்கும் ஒன்றுதான். கூடுதலாக உயர்த்தினால் திருத்திய மதிப்பீடு போட வேண்டும், அதற்கு மறுபடியும் அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. முதல் மழைக்காலத்திலேயே தண்ணீர் முன்படியைத் தொட்டது. எங்கள் களிமண் கோடையில் பாளமாக வெடித்து, மழையில் உப்பிக்கொள்ளும் மண். இந்த மண்ணுக்கும் தருமபுரியின் பாறை நிலத்துக்கும் நாகப்பட்டினத்தின் உப்புக்காற்றுக்கும் ஒரே வரைபடத்தைக் கொடுத்தால், அஸ்திவாரமும் கம்பியும் அந்த வேறுபாட்டைச் சில ஆண்டுகளில் நமக்குக் காட்டிவிடும்.

கழிவறையும் இப்படித்தான். எஞ்சிய இடத்தில் கட்டப்பட்டதால் அதன் கழிவுநீர்த் தொட்டி, குடிநீருக்கான ஆழ்குழாய்க் கிணற்றுக்கு மிக அருகில் அமைந்துவிட்டது. சாய்தளம் உண்டு. பல பள்ளிகள் வாக்குச்சாவடிகளாகவும் இருப்பதால் தேர்தல் நெருங்கும்போது சாய்தளத்தையும் மின் இணைப்பையும் அக்கறையோடு சரிபார்க்கிறார்கள். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. எங்கள் சாய்தளம் அதில் பாதி நீளம்கூட இல்லை. கீழே மணலில் போய் முடிகிறது. சக்கர நாற்காலியில் வரும் ஒரு குழந்தையை இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்ற வேண்டும்.

கட்டுமானத் தரம் என்றதும் எல்லோரும் கமிஷன் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். அது உண்டு, இல்லை என்ற விவாதத்துக்கு நான் போகவில்லை; அதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற சில காரணங்கள் இருக்கின்றன. நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. பணம் திரும்பிப் போய்விடும் என்ற அச்சத்தில் வேலை கடைசி மாதங்களில் ஓட்டமாக ஓடுகிறது. தளம் போட்ட பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி வைக்க வேண்டிய நாள்களில் வெயில் கொளுத்துகிறது; பள்ளியின் ஒரே மோட்டார் குடிநீருக்கே போதவில்லை. தளம் போட்ட அன்று காலையில் நான் சாரத்தில் ஏறிப் பார்த்தேன். கம்பிக்கும் அடியில் தாங்கும் சென்ட்ரிங் தகடுக்கும் இடையில், இடைவெளி விடுவதற்கான சிறு கான்கிரீட் கட்டியான கவர் பிளாக் வைக்காமல், கைக்குக் கிடைத்த ஜல்லியைச் செருகியிருந்தார்கள். பல இடங்களில் கம்பி தகட்டையே தொட்டுக்கொண்டிருந்தது. அப்படிப் போட்ட தளத்தில் ஈரம் எளிதாகக் கம்பிவரை போகும். கம்பி துருப்பிடித்து உப்பும். சில ஆண்டுகளில் காரை பெயர்ந்து குழந்தைகளின் தலையில் விழும். நான் கேட்டதும் மேஸ்திரி மறுக்காமல் இருநூறு கவர் பிளாக்குகளை வரவழைத்து வைத்தார். அவரிடம் கெட்ட எண்ணம் இல்லை. கேட்பதற்கு அதுவரை யாரும் இல்லை, அவ்வளவுதான். மேற்பார்வையாளர் அன்று வேறோர் ஊரில் இன்னொரு தளத்தில் நின்றிருந்தார்.

மேலாண்மைக் குழுவுக்கு வரைபடத்தின் நகலோ மதிப்பீட்டின் நகலோ தரப்படவில்லை. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் கடமையைக் கல்வி உரிமைச் சட்டம் இந்தக் குழுவுக்குத்தான் கொடுத்திருக்கிறது. குழுவில் பாதிக்குமேல் தாய்மார்கள். எந்தப் பக்கச் சன்னலில் சாரல் அடிக்கும், எந்த மரத்தடியில் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், பெண்பிள்ளைகள் எந்தக் கழிவறைக்குப் போகத் தயங்குகிறார்கள் என்பதையெல்லாம் அவர்களைப் போல் அறிந்தவர்கள் இல்லை. அவர்களிடம் கேட்பதற்கு ஒரு பிற்பகல் போதும். கேரளத்தில் 2017இல் தொடங்கிய பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கத்தில், தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு வளாகம் முழுவதையும் சேர்த்துத் திட்டம் வரைந்த பிறகே கட்டடத்தில் கை வைத்தார்கள். காமராசர் காலத்தில் இங்கே நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்களே தங்கள் பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியலிட்டு, தாங்களே பொருளும் கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் நமக்குப் புதியதல்ல.

பராமரிப்பைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபமே வருகிறது. ஒருங்கிணைந்த பள்ளி மானியம் என்று ஆண்டுக்கு ஒரு தொகை உண்டு. விதிமுறைப்படி 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 25,000 ரூபாய். பதிவேடுகள், சாக்பீஸ், துப்புரவுப் பொருள்கள், குழாய்ப் பழுது, சிறு மராமத்து எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மாதிரிப் பள்ளிகளுக்கான பி.எம். ஸ்ரீ திட்டத்தில் தமிழக அரசு கையெழுத்திடவில்லை என்று, இந்த மானியம் வருகிற சமக்ர சிக்ஷா எனும் பள்ளிக்கல்வித் திட்டத்தின் நிதியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்த காலத்தில் அதற்கும் தட்டுப்பாடு வந்தது. பல லட்சம் ரூபாயில் கட்டிய தளத்தின் மேல் மழைநீர் வடியும் குழாயை இலைச்சருகு அடைத்தால், அதை எடுத்துவிட ஏணியும் ஓர் ஆளும் போதும். அதைச் செய்யச் சொல்லும் அதிகாரமும் செலவுத் தலைப்பும் யாரிடமும் இல்லாததால் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்குகிறது, தட்டு ஓட்டின் இணைப்புகளில் அரசமரக் கன்று முளைக்கிறது, வேர் இறங்குகிறது. முப்பது, நாற்பது ஆண்டு நிற்க வேண்டிய கட்டடம் பதினைந்தாம் ஆண்டிலேயே ஏலத்துக்கு வருவதற்கு இப்படிப்பட்ட அலட்சியம் போதும்.

எங்கள் குழுவின் தீர்மானத்தை எழுதி வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கும் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும் கொடுத்திருக்கிறோம். இடத்தை முடிவு செய்யுமுன் பொறியாளரும் தலைமையாசிரியரும் குழு உறுப்பினர்களும் சேர்ந்து வளாகத்தைப் பார்வையிட வேண்டும், முடிந்தால் மழைக்காலத்தில். புதிய கட்டடத்துக்குப் பணி ஆணை வந்த பிறகே பழையதை இடிக்க வேண்டும். ஆபத்தான நிலை என்றால், குழந்தைகளுக்கான மாற்று இடத்தை இடிப்பு உத்தரவிலேயே குறிப்பிட வேண்டும். வரைபடமும் மதிப்பீடும் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். கட்டடத்தை ஒப்படைக்கும் நாளில் குறைகளைப் பட்டியலிட்டு இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அவை சரிசெய்யப்படும்வரை ஒப்பந்ததாரரின் வைப்புத்தொகையை விடுவிக்கக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் பொறியாளர் ஒருவர் மாடியேறிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அடுத்த கிராம சபையிலும் இதையே வைக்கப் போகிறோம். மற்ற ஊர்களில் மேலாண்மைக் குழுவில் இருக்கும் நண்பர்கள், உங்கள் பள்ளியில் கட்டட வரைபடம் குழுவின் பார்வைக்கு வந்ததா, வந்திருந்தால் யாரிடம் எப்படிக் கேட்டு வாங்கினீர்கள் என்பதைக் கீழே எழுதினால் எங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.