விரலை எடுக்கும்வரை முடிவு நம்முடையது

போன் திரையின் அடியில் இருந்த மூன்று பொத்தான்கள் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. சைகையால், அதாவது திரையில் விரலை இழுத்து, போனை இயக்குவது வெறும் ஸ்டைல் என்று பலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காலை நெரிசலில் சிங்கப்பூரின் வடகிழக்குப் பாதை ரயிலில் நிற்பவர்களைப் பாருங்கள். ஒரு கை கம்பியில். மிச்சமிருக்கும் கையில் வேலை செய்வது பெருவிரல் மட்டும். இன்றைய அகலத் திரையில் அது மேல்மூலையை எட்டாது, ஓரத்தை எட்டும். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, இடது வலது இரண்டு ஓரங்களிலிருந்தும் விரலை உள்ளே இழுத்து முந்தைய திரைக்குத் திரும்ப வழிவிட்டது. எந்தக் கையில் பிடித்தாலும் சரி. ஐபோனில் வலது ஓரத்துக்கு இந்த வசதி இல்லாதது பெரிய குறை.

அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. பொத்தானைத் தட்டினால் தட்டியதுதான். சைகையிலோ பாதியில் மனம் மாறலாம். ஐபோனில் அடியிலிருந்து மெல்ல மேலே இழுங்கள். செயலி சுருங்கி விரலோடு வரும். நடுவில் நிறுத்தினால் திறந்திருக்கும் மற்ற செயலிகள் தெரியும். வேண்டாமா, கீழே இறக்கிவிடுங்கள், பழையபடி விரிந்துகொள்ளும். ஆண்ட்ராய்டு 15இல், அதற்கேற்ப எழுதப்பட்ட செயலிகளில், ஓரத்திலிருந்து இழுக்கும்போதே அடுத்து எங்கே போகப்போகிறோம் என்பது எட்டிப்பார்க்கும். எவ்வளவு மரியாதையான வடிவமைப்பு!

இதற்கான பாராட்டெல்லாம் 2017இன் ஐபோன் எக்ஸுக்கே போகிறது. ஆனால் 2009இலேயே பாம் ப்ரீ என்ற போன் செயலிகளைச் சீட்டுகளாக அடுக்கி, மேலே தள்ளினால் மூடவைத்தது. 2011இல் நோக்கியா என்9 முன்பக்கத்தில் ஒரு பொத்தான்கூட இல்லாமல் வந்தது. அந்த வடிவமைப்பாளர்களை யாரும் நினைப்பதில்லை என்பது எனக்கு ஆதங்கம்.

ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை யாராவது சொல்லித்தந்தால்தான் தெரியும். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் கட்டியபின், அந்தத் திரையிலிருந்து வெளியே வரத் தெரியாமல் நிற்கும் பாட்டிகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. சமூக மன்றங்களில் மூத்தோருக்குப் போன் சொல்லித்தரும் தொண்டூழியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் மூன்று பொத்தான் இன்னும் இருக்கிறது. ஐபோனில் அசிஸ்டிவ் டச் என்ற வசதியைப் போட்டால் திரையிலேயே ஒரு பொத்தான் மிதக்கும். எது வேண்டும் என்று முதலில் அவர்களிடமே கேளுங்கள். சைகைதான் வேண்டும் என்றால், அவர்கள் விரலாலேயே இழுக்கவிட்டுச் சொல்லிக்கொடுங்கள். போனை வாங்கி நீங்கள் செய்துகாட்டாதீர்கள்.